டிரையர் வென்ட் வேலைக்கு எப்படி வருவது?

கேள்வி சுருக்கமாக இது: "ஸ்காபரோவில் இருக்கிறேன். ஐந்து வருடமாக வேர்ஹவுஸில் இரவு வேலை, முதுகு போய்விட்டது. டிரையர் வென்ட் (உடுப்பு காய வைக்கும் இயந்திரத்தின் காற்று வெளியேறும் குழாய்) சுத்தம் செய்யும் வேலையில் நல்ல காசு என்று ஒரு நண்பர் சொல்கிறார். இதற்குப் படிப்பு ஏதும் உண்டா? லைசென்ஸ் வேண்டுமா? சாமான் வாங்க எவ்வளவு செலவாகும்?"

தம்பி, கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். சாமானுக்குப் பெரிய செலவு இல்லை. டிரில்லில் பூட்டிச் சுழற்றுகிற பிரஷ் செட் நூறு டொலர் அளவில் கடையில் கிடைக்கும். ஒரு ஷொப் வக்கியூம், ஒரு ஏணி, டிரில், நாலு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நாளைக்கே வேலைக்குப் போகலாம். வந்த வினையும் அதுதான். யாரும் நுழையலாம் என்பதால் பெயர் கெட்டுப் போன தொழில் இது. நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து வரும் 'டக்ட் கிளீனிங்' (வீட்டு ஹீட்டிங் குழாய் சுத்தம்) தொலைபேசி அழைப்புகள் ரொறன்ரோவில் யாருக்குத்தான் வந்ததில்லை? நீங்கள் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகும்போது அந்தக் கோபத்தில் கொஞ்சம் உங்களுக்கும் கிடைக்கும், தயாராக இருங்கள்.

நான் பதினொரு வருடமாக இதைச் செய்கிறேன். என் கணக்கில் பிரஷ் போடுவது வேலையில் கால்வாசி. குழாய் சுவருக்குள் எப்படிப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், காற்று போகிறதா என்று அளக்க வேண்டும், தொடக்கூடாததைத் தொடாமல் விட வேண்டும். மிச்சம் முக்கால்வாசியும் இதுதான். பழக வேண்டியதும் இதைத்தான்.

முதலில் டிரையர் என்ன செய்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். அறையில் இருக்கும் காற்றை இழுத்துச் சூடாக்கி, சுழலும் உடுப்புக்குள் விட்டு, ஈரத்தையும் எடுத்துக்கொண்டு நாலு அங்குலக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. உடுப்பில் இருந்து உதிரும் பஞ்சில் பெரும்பகுதியைக் கதவடியில் இருக்கும் வலை பிடித்துவிடும், எல்லாவற்றையும் பிடிக்காது. தப்பிய பஞ்சு ஈரக் காற்றோடு குழாய்க்குள் போகும். எங்கள் ஊர்க் குளிரில், வெளிச்சுவரை ஒட்டியோ கூரைக்கு அடியிலோ போகும் குழாய் பனி போலக் குளிர்ந்திருக்கும். ஈரம் அங்கே தண்ணீராகிக் கசியும். பஞ்சு அதில் ஒட்டி, காய்ந்து, மேலே இன்னொரு படை பிடிக்கும். மாசி மாதத்தில் திறந்து பார்த்தால் களி மாதிரி இருக்கும், ஆடியில் திறந்தால் பழைய மெத்தைக்குள் கை விட்ட மாதிரி.

வழி அடைபட்டால் சூடு உள்ளேயே நிற்கும். ஒரு அளவுக்கு மேல் சூடானால் டிரையரின் பாதுகாப்பு சுவிட்ச் ஹீட்டரை நிறுத்தி நிறுத்திப் போடும். அதுதான் உடுப்பு காய இரண்டு மூன்று சுற்று எடுப்பதன் காரணம். அதையும் மீறினால் தெர்மல் ஃபியூஸ் எரியும். திருத்துகிறவர் வந்து ஃபியூஸை மாற்றி, குழாயைப் பார்க்காமல் காசை வாங்கிக்கொண்டு போவார். சில கிழமையில் திரும்பவும் எரியும். என்னைக் கூப்பிடுகிறவர்களில் கனபேர் இப்படி இரண்டு ஃபியூஸ் மாற்றிய பிறகு கூப்பிட்டவர்கள்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் வாடிக்கையாளரைப் பயமுறுத்தி வேலை பிடிக்காதீர்கள், அது அந்தத் தொலைபேசிக்காரர்களின் வேலை. அமெரிக்காவின் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான தரவை வைத்துச் சொன்னது: ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு டிரையர் தீ, 5 மரணம், 100 பேருக்குக் காயம், 35 மில்லியன் டொலர் சொத்திழப்பு. காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம். யாராவது கேட்டால் இந்த எண்களைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், குழாயில் இருந்து வந்த பஞ்சை ஒரு வாளியில் போட்டுக் காட்டுங்கள், அது போதும்.

சரி, பயிற்சி. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் டிரையர் வென்ட் சுத்தம் செய்வதற்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் சிம்னி சேஃப்டி இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு 'சி-டெட்' என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறது, டிரையர் குழாய் டெக்னீஷியனுக்கென்றே உள்ளது. மூன்று வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். வீட்டு ஹீட்டிங் டக்ட் பக்கமும் போகும் எண்ணம் இருந்தால் நாட்கா என்ற டக்ட் சுத்திகரிப்பாளர் சங்கத்தின் சான்றிதழ் வேறு இருக்கிறது. நான் முதல் நாலு வருடம் எதுவும் இல்லாமல்தான் செய்தேன். பிறகு சி-டெட்டுக்குப் படித்தபோதுதான், இத்தனை வீட்டில் இதைக் கவனிக்காமல் வந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. காகிதத்துக்காக இல்லாவிட்டாலும் படிப்புக்காகச் செய்யுங்கள்.

ஆனால் முதல் படி அது இல்லை. யாராவது ஒழுங்காகச் செய்கிறவரோடு மூன்று மாதம் வேலை வான் வண்டியில் ஏறிப் போங்கள். சம்பளம் குறைவாக இருக்கும், பரவாயில்லை. நான் அப்படித்தான் ஒரு சின்னக் கொம்பனியில் தொடங்கினேன். முதல் மாதமே செய்த கூத்தைக் கேளுங்கள்.

மார்க்கம் பக்கம் ஒரு இரண்டு மாடி வீடு. பேஸ்மென்டில் டிரையர், குழாய் சீலிங்குக்குள்ளால் பின்சுவருக்குப் போகிறது. பிரஷ் கம்பிகள் ஒவ்வொன்றும் ஒரு கஜ நீளம், ஒன்றின் நுனியில் ஒன்று புரி போட்டுப் பூட்டுவது. எட்டுக் கம்பி உள்ளே. வெளியே இழுக்கும்போது டிரில்லின் திசை மாற்றும் பொத்தானில் பெருவிரல் பட்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சுழற்றினேன். கம்பி வலதுபக்கமாகச் சுழலும் வரைதான் புரி இறுகும், இடதுபக்கம் சுழன்றால் கழன்றுவிடும். நாலு கம்பி கையோடு வந்தது, நாலு கம்பியும் பிரஷும் புதிதாகப் பெயின்ட் அடித்த சீலிங்குக்குள் நின்றுவிட்டன. இரண்டு மணி நேரம் கொக்கி போட்டுப் பார்த்தும் வரவில்லை. கடைசியில் டிரைவாலை (சீலிங் பலகையை) வெட்டித்தான் எடுத்தோம். திருத்திய செலவை முதலாளி என் சம்பளத்தில் பகுதி பகுதியாகக் கழித்தார். வேலையில் விட்ட பிழைக்காகச் சம்பளத்தைக் கழிக்க ஒன்ராறியோ சட்டம் இடம் கொடுக்காது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்பவே சொல்லி வைக்கிறேன்.

அன்றைக்கு இருந்து இரண்டு பழக்கம். திசை மாற்றும் பொத்தானின் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கம்பியும் சேரும் இடத்திலும் டேப் சுற்றுவேன். அரை நிமிட வேலை. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் டிரில் ஒரே திசையில்தான் சுழல வேண்டும்.

டிரையரை இழுப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுங்கள், பின்னால் எது எங்கே இருந்தது என்பதற்கு. மின்சார டிரையருக்கு 240 வோல்ட், 30 ஆம்ப். பிரேக்கரை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். தரையில் கீறல் விழாமல் பழைய கம்பளத் துண்டு ஒன்றைக் காலடியில் தள்ளுங்கள். பக்கத்தில் வாஷருக்குப் போகும் கறுப்பு ரப்பர் ஹோஸ் இருக்கும். பதினைந்து வருடப் பழசு என்றால் ஒரு அசைவில் பிய்யும். தேவையில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். வாஷருக்கு மேல் டிரையரை அடுக்கி வைத்திருந்தால் தனியாக இறக்காதீர்கள், முதுகு போய்விட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கேஸ் டிரையர் என்றால் கதையே வேறு. ஒன்ராறியோவில் கேஸ் இணைப்பைக் கழற்றிப் பூட்டுவதற்கு டி.எஸ்.எஸ்.ஏ. (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் உள்ள கேஸ் டெக்னீஷியன் வேண்டும். தொடக்க நிலையான ஜி3 எடுத்தவர், மேல் நிலை ஜி2, ஜி1 ஆட்களின் மேற்பார்வையில்தான் செய்யலாம். உங்களிடம் அது இல்லாவிட்டால், கேஸ் குழாயைத் தொடாமல் வெளிப்பக்கத்தால் முடிந்ததைச் செய்யுங்கள், இல்லை சான்றிதழ் உள்ளவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடைபட்ட கேஸ் டிரையரின் புகை வீட்டுக்குள்ளே திரும்பும், அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கும். "கொஞ்சம் இழுத்துப் பார்த்துச் செய்யலாமே" என்று வீட்டுக்காரர் சொல்வார். முடியாது என்று சொல்லப் பழகுங்கள். ஓரிரண்டு வருடம் போன பிறகு கேஸ் படிப்புக்குப் போனால் நல்லது, அந்தச் சான்றிதழ் எந்தக் காலத்திலும் சோறு போடும்.

அடுத்தது குழாயை வாசிப்பது. நல்ல குழாய் உள்ளே வழுவழுப்பான தகரக் குழாய், நாலு அங்குலம். ஒரு துண்டு அடுத்ததற்குள் காற்றுப் போகும் திசையில் செருகியிருக்க வேண்டும். மாறிச் செருகினால் ஒவ்வொரு விளிம்பும் பஞ்சு பிடிக்கும் படி. உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்க்ரூவும் அப்படித்தான். மூட்டுகளுக்கு அலுமினிய ஃபொயில் டேப்; சாம்பல் துணி டேப் சூட்டில் உலர்ந்து உதிரும். வெள்ளை பிளாஸ்டிக் நெளிகுழாயைக் கண்டால் சுத்தம் செய்ய வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள், அது எரியும் சாமான். மின்னும் மெல்லிய ஃபொயில் நெளிகுழாய் டிரையருக்கும் சுவருக்கும் இடையில் மட்டும் இருக்கலாம், அதுவும் டிரையருக்கென்று அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தால். சுவருக்குள் அது போகக்கூடாது. அதற்குள் பிரஷைச் சுழற்றினால் கிழிந்துவிடும்.

நீளத்துக்கும் ஒரு கணக்கு. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிப்படி டிரையர் குழாயின் உச்ச நீளம் 35 அடி. சாதாரண 90 பாகை வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடி, 45 பாகைக்கு இரண்டரை அடி கழிக்க வேண்டும். டிரையர் தயாரிப்பாளரின் புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதைப் பார்க்கலாம். இங்கே நாங்கள் அந்தப் புத்தகத்தைத்தான் பார்க்கிறோம், ஆனால் 35 அடியை மனக்கணக்குக்கு நான் பாவிக்கிறேன். ஒரு வீட்டில் குழாய் 22 அடிதான், ஆனால் மூன்று வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 35இல் 15 போனால் உச்சம் 20 அடிதான். அந்த வீட்டில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஆறு மாதத்தில் திரும்ப அடைக்கும். இதை முதல் நாளே வீட்டுக்காரரிடம் சொன்னால் நீங்கள் தெரிந்தவர், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ஏமாற்றினவர்.

குழாயைப் பார்ப்பதற்கு முன்பே பிரஷைப் போடக்கூடாது என்பதற்கு ஒரு வீடு. ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும். உடுப்பு காய மூன்று மணித்தியாலம் எடுக்கிறது என்று மகள் புது டிரையர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதுவும் அப்படியே. நான் வழக்கப்படி முதலில் வெளியே போய்ப் பார்த்தேன். டிரையர் இருக்கும் சுவரில் காற்று வெளியேறும் வென்ட் மூடியே இல்லை. வீட்டைச் சுற்றி வந்தேன், எங்கேயும் இல்லை. உள்ளே வந்து கம்பியை மெல்லத் தள்ளிவிட்டு, அந்த அம்மாவை வெளியே நின்று காது கொடுக்கச் சொன்னேன். "இங்கே டக் டக் என்று கேட்குது தம்பி" என்றார், சுவரில் கை வைத்துக்கொண்டு. முந்தின கோடையில் புது வினைல் சைடிங் (வெளிச்சுவர்ப் பலகை) போட்டவர்கள் வென்ட் மூடியைக் கழற்றிவிட்டு, துவாரத்தின் மேலேயே பலகையை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு வருடமாக அந்த ஈரமெல்லாம் சுவருக்குள். நான் வந்து பார்த்த காசு மட்டும் வாங்கினேன். அந்த அம்மா மூலமாக அந்தத் தெருவில் ஆறு வீடு கிடைத்தது.

வெளி மூடியில் வேறு வில்லங்கமும் உண்டு. சித்திரை, வைகாசியில் ஸ்டார்லிங் குருவிகள் உள்ளே கூடு கட்டும். சூடு, மழை இல்லை, அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? உள்ளே குஞ்சுச் சத்தம் கேட்டால் டிரையரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குஞ்சு பறந்த பிறகு வாருங்கள். குருவிக்குப் பயந்து சிலர் சின்னக் கண் வலை அடித்து வைப்பார்கள். ஒரே மாதத்தில் பஞ்சு அதில் கம்பளி மாதிரிப் படிந்து வழியை மூடும். வலையைக் கழற்றி, தானாகத் திறந்து மூடும் தட்டு உள்ள மூடியைப் போடுங்கள்.

இனி அளப்பது. சாமானில் காசு போடுவதென்றால் இதில் போடுங்கள். காற்று வேகம் பார்க்கும் அனிமோமீட்டர், அழுத்தம் பார்க்கும் மனோமீட்டர், நீள வயர் கமெரா. மூன்றும் சேர்த்து மலிவு ரகத்தில் இருநூறு முந்நூறு டொலருக்குள் முடிக்கலாம். வேலை தொடங்குமுன் டிரையரை வெறுமையாக ஓடவிட்டு வெளி மூடியில் வேகத்தைக் குறியுங்கள், முடிந்த பிறகு திரும்பக் குறியுங்கள். நிமிடத்துக்கு 400 அடி இருந்தது 1,300 ஆனால் அதை வீட்டுக்காரரே பார்க்கட்டும். குழாயை மாட்டியபடி டிரையரின் பின்பக்கத்தில் அழுத்தம் அளந்தால், பல தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்சம் 0.6 அங்குல நீர் அழுத்தம். சுத்தம் செய்த பிறகும் அதற்கு மேல் நின்றால் உள்ளே எங்கேயோ நசிந்திருக்கிறது, இல்லை வளைவு அதிகம். பொய் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

மாடிக் குடியிருப்புகளில் சீலிங்குக்குள் காற்றைத் தள்ளிக் கொடுக்கும் ஒரு பூஸ்டர் விசிறியும் அதற்கு முன்னால் இன்னொரு பஞ்சுப் பெட்டியும் இருப்பதுண்டு. குடியிருப்பவருக்கே அது இருப்பது தெரியாது. பெட்டி நிறைந்து விசிறி எரிந்து போயிருக்கும். எந்த கொண்டோவுக்குள் போனாலும் டிரையருக்கு மேலே ஒரு சின்னக் கதவு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சொந்தப் பெயர் அல்லாத பெயரில் நடத்தினால் மாகாணத்தில் வியாபாரப் பெயர் பதிய வேண்டும். தொடர்ந்து நாலு காலாண்டில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரிக்குப் பதிவு கட்டாயம், 13 சதவீதம். பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் ஒரு வீட்டுக்கும் போகாதீர்கள். கொண்டோ நிர்வாகங்கள் என்னிடம் முதலில் கேட்பது 2 மில்லியன் டொலர் காப்புறுதிப் பத்திரமும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. (வேலையிடக் காயக் காப்புறுதி வாரியம்) கிளியரன்ஸும்தான், விலையைப் பிறகுதான் கேட்பார்கள். உங்கள் சொந்த வாகனக் காப்புறுதி வேலைக்கு ஓடுவதை ஏற்றுக்கொள்கிறதா என்றும் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிந்துகொண்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

காசு? ஒரு சாதாரண வீட்டுக்கு நான் வாங்குவது 140 டொலர், கூரையில் ஏற வேண்டியிருந்தால் அதைவிடக் கூடுதலாக வாங்குவேன். ஒரு நாளில் நாலு வீடு ஒழுங்காகச் செய்யலாம், ஆறு செய்தால் அளக்காமல்தான் செய்ய முடியும். புரட்டாசி முதல் தை வரை தொலைபேசி ஓயாது, ஆடியில் ஈ ஓட்டுவீர்கள். அதனால் வேர்ஹவுஸ் வேலையை இப்பவே விடாதீர்கள், சனி ஞாயிறில் தொடங்குங்கள். விளம்பரத்துக்குக் காசு கொட்டுவதைவிட, டிரையர் திருத்தும் இரண்டு மூன்று ஆட்களைப் பிடியுங்கள். ஃபியூஸ் மாற்றும் வீட்டுக்கெல்லாம் உங்கள் நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, வெளிக்குழாயே தேவைப்படாத ஹீட் பம்ப் டிரையர்கள் வரத் தொடங்கிவிட்டன. நாளைக்கே எங்கள் வேலை போய்விடாது, ஆனால் இருபது வருடக் கணக்குப் போடுகிறவர் இதையும் யோசிக்க வேண்டும்.

இந்த ஞாயிறு உங்கள் வீட்டு டிரையரையே இழுத்துப் பாருங்கள். குழாய் எத்தனை அடி, எத்தனை வளைவு, எங்கே வெளியேறுகிறது என்று ஒரு காகிதத்தில் கீறுங்கள். சுத்தம் செய்யுங்கள், மூட்டுகளை டேப் போட்டுப் பூட்டுங்கள். டிரையரைத் திரும்பத் தள்ளும்போதுதான் பின்னால் குழாய் நசிவது, செய்த வேலை எல்லாம் அந்தக் கடைசித் தள்ளில் வீணாகும். அதனால் தள்ளி முடித்து, ஓடவிட்டு, வெளியே போய் மூடித் தட்டு முழுதாகத் திறந்து நிற்கிறதா என்று பாருங்கள். அரைவாசிதான் திறந்திருந்தால் உள்ளே போய்த் திரும்ப இழுங்கள்.